எதனைத் தேர்வது? எம். ஜி.யையோ, டிரையம்பையோ?

எமது கல்லூரியில் முன்னர்ப் பயின்று, இப்போது ஆங்கில நாட்டில் உத்தியோகத்திலிருக்கும் நண்பரொருவர் சென்ற ஆண்டின் இறுதியில் எமக்கொரு கடிதம் விடுத்தார். பல்லாண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக்கொண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கத் தாம் விரும்புவதாகவும், எம். ஜி. பி. என்பதும் டிரையம்ப் டி. ஆர். 4 என்பதும் தம் கருத்தில் மாறிமாறி நிற்பதாகவும், இரண்டனுள் எதனைக் கொள்ளல் தகுமென யாம் அறிவுறுத்த வேண்டுமென்றும் அதில் எழுதியிருந்தார். அக்கடிதத்தை ஆசிரியர் அறையில் யாம் வாசித்துக் காட்டியதே பிழையாயிற்று. அன்று மாலை மணியடிக்கும் வரையில் அங்கு வேறு பேச்சில்லை. பௌதிக ஆசிரியர் ஒரு கட்சி, சரித்திர ஆசிரியர் மற்றொரு கட்சி. வாதித்தோருள் அவ்விரு வண்டிகளையும் கண்ணாற் கண்டவர் இருவரே என்பது வாதத்தின் வேகத்தைச் சிறிதும் குறைக்கவில்லை.

எமது அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். எம் உள்ளம் செல்வது டிரையம்பின்பால். ஆயினும் எம் நண்பர்க்கு யாம் எழுதிய விடை எம். ஜி. பி. என்பதே. உள்ளம் ஒன்றை விரும்ப, வேறொன்றை ஏன் பரிந்துரைத்தோமென்பதை இங்கு விளக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

எம். ஜி. என்னும் இரண்டெழுத்து மோரிஸ் காரேஜஸ் என்பதன் குறுக்கமாகும். ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மோரிஸ் என்பார்க்கு உரித்தாயிருந்த அந்நிலையத்துக்கு 1922-ம் வருஷத்தில் மானேஜரான செஸில் கிம்பர், மோரிஸ் வண்டிகளின் சாதாரண உறுப்புக்களையே எடுத்து, அவற்றின்மேல் இலேசானதும் அழகியதுமான உடலைப் பொருத்தி விற்கத் தலைப்பட்டார். 1929-ல் தொழில் அபிங்டன் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தது. டிரையம்போ காவென்ட்ரி நகரத்தது. 1939-ல் நொடித்துப்போன அக்கம்பெனியை யுத்த முடிவில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் வாங்கினர். எம். ஜி. வண்டிகள் அமெரிக்காவில் விலைபோவதைக் கண்ட அவர்கள், தாமும் அச்சந்தையிற் பங்குகொள்ள விரும்பி டி. ஆர். 2 என்னும் வண்டியை உருவாக்கினர். 1953-ல் பெல்ஜியம் தேசத்தில் ஜாபெக்கே என்னும் ஊர்ப் பெருஞ்சாலையில் அது மணிக்கு 124 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடிப் பெயர் பெற்றது. அன்று தொடங்கிய போட்டி ஏறக்குறைய முப்பதாண்டு நீடித்தது.

டி. ஆர். 4 வெளிவந்தது 1961-ல், எம். ஜி. பி. 1962-ல். எண்களை நோக்கின் இரண்டும் இரட்டையர் போல் தோன்றும். டிரையம்பின் யந்திரம் 2,138 கன சென்டிமீட்டர், 100 குதிரைச் சக்தி, எம். ஜி.யினது 1,798 கன சென்டிமீட்டர், 95 குதிரைச் சக்தி. இரண்டுக்கும் நான்கு சிலிண்டர். முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக். இரண்டும் மணிக்கு நூறு மைலைச் சிறிதே கடப்பன. விளம்பரத் தாளை மட்டும் படித்தவர் காசைச் சுண்டிவிட்டுத் தீர்மானிக்கலாம். வேற்றுமை கிடப்பது தாளிலன்று, இரும்பில்.

யந்திரத்தை முதலிற் கொள்வோம். டி. ஆர். 4-ஐ இகழ விரும்புவோர், "அஃது உழவு டிராக்டரின் யந்திரம்" என்பர். இதில் உண்மையுண்டு. ஸ்டாண்டர்டு கம்பெனியார் தமது வான்கார்டு காருக்கென அமைத்த யந்திரமே, அவர்களே செய்துவந்த பெர்குஸன் டிராக்டரிலும் ஏறியது. அதன் வழிவந்ததே டி. ஆர். வண்டியின் யந்திரம். எமக்கோ இஃது இகழ்ச்சியாகத் தோன்றவில்லை. சேற்றிலும் புழுதியிலும் நாள் முழுதும் இழுக்கும்படி ஆக்கப்பட்டது சாலையில் மெலிவதில்லை. மேலும் அதன் சிலிண்டர்கள் தனித்தனிக் குழாய்களாய் நீர் சூழ நிற்பவை. தேய்ந்தால் குழாயை வெளியே எடுத்துப் புதியதை இறக்கலாம். முழு யந்திரத்தையும் கடைசல் பட்டறைக்கு அனுப்ப வேண்டுவதில்லை. குறைந்த சுழற்சியிலேயே அது காட்டும் இழுப்பு எம். ஜி.க்கு இல்லை. கியர்ப் பெட்டியிலும் டிரையம்ப் ஒரு படி மேலே நின்றது. முதற் கியரையும் ஓசையின்றி மாற்றும் வசதி அதற்கு 1961-லேயே உண்டு, எம். ஜி. பி.க்கு அது கிட்டியது 1967-ல்தான். இவையெல்லாம் எம் உள்ளம் செல்லும் பக்கத்துக்குச் சாட்சிகள்.

எம். ஜி.யின் யந்திரமோ நம் நாட்டார்க்கு அயலானதன்று. பி. எம். ஸி. கம்பெனியாரின் பி-வரிசை என்பது அதன் குலப்பெயர். நம் அம்பாஸடர் காரில் நெடுங்காலம் ஓடிய 1,489 கன சென்டிமீட்டர் யந்திரமும் அக்குலத்ததே. 1955-ல் வந்த எம். ஜி. ஏ. வண்டி அதே அளவுடைய யந்திரத்தோடு பிறந்தது, எம். ஜி. பி.யினது அதன் பெருக்கம். 2014-ல் உத்தரபாராவில் அம்பாஸடர் தொழில் நின்றதாயினும், நம் ஊர்களில் அவ்யந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டவல்ல முதிய மெக்கானிக்குகள் இன்னும் உளர். அவர்களுள் ஒருவரை அபிங்டன் வண்டியின் முன் நிறுத்தி மூடியைத் திறந்து காட்டினால், பெரியப்பா வீட்டுப் பிள்ளையைக் கண்டவர் போல் சிரிப்பாரென்பது எம் துணிபு. டிரையம்ப் கட்சியாரும் உறவு கொண்டாடலாம். டி. ஆர். 4-க்கு உருவம் வரைந்த இத்தாலியர் ஜியோவானி மிக்கெலோத்தியே ஹெரால்டு காரையும் வரைந்தவர். அந்த ஹெரால்டு 1961 முதல் சென்னைக்கு அருகில் ஸ்டாண்டர்டு என்னும் பெயரோடு செய்யப்பட்டு, நம் வைத்தியர்களையும் வக்கீல்களையும் சுமந்து திரிந்ததை மூத்த வாசகர் அறிவர்.

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். டி. ஆர். 4-க்கு எஃகுச் சட்டமொன்று அடியிற் கிடக்கும். உடல் அதன்மேல் ஆணிகளால் பூட்டப்பட்டது. எம். ஜி. பி.க்கு அத்தகைய தனிச் சட்டமில்லை, தகட்டுடலே சட்டமுமாகும். 1962-ல் இது புதுமை. இதனால் எம். ஜி.யின் உடல் இறுக்கமாயிற்று. மேடுபள்ளத்தில் கதவும் கண்ணாடியும் நடுங்கும் குறை குறைந்தது. உள்ளே இடமும் மிகுந்தது. டிரையம்பின் சட்டமோ பின் அச்சுக்குக் கீழாகச் செல்வதால், சக்கரம் மேலும் கீழும் அசைய இடம் சுருங்கி, கரடான சாலையில் முதுகெலும்புக்குச் செய்தி உடனுக்குடன் வந்துசேரும். இருபது மைல் ஓட்டுவோனுக்கு அது வீரம். இருநூறு மைல் ஓட்டுவோனுக்கு அது வேறு.

ஆயினும் அறுபதாண்டு கழிந்தபின் கணக்கு மாறுகின்றது. ஆங்கில நாட்டில் பனிக்காலத்தில் சாலைகளில் உப்பைத் தூவுகின்றனர். உப்பும் நீரும் தகட்டைத் தின்னும். டிரையம்பின் உடல் துருவேறினால் அதைக் கழற்றி ஒருபுறம் வைத்துச் சட்டத்தைப் பழுதுபார்க்கலாம். மட்கார்டுகளும் ஆணிகளால் பூட்டப்பட்டவையே. எம். ஜி.யிலோ கதவுகளின் கீழ் ஓடும் பட்டி துருவேறிற்றாயின் வண்டியின் முதுகே போயிற்று. வெளியே பளபளக்கும் சாயமும் உள்ளே காகிதம் போன்ற தகடுமாக எத்தனையோ வண்டிகள் கைமாறியுள்ளன. இவ்விடத்தில் எமது பரிந்துரை தோற்றுவிடுமோவெனச் சரித்திர ஆசிரியர் மகிழ்ச்சியோடு வினவினார். தோற்றிருக்கும், ஆனால் 1988-ல் ஒரு காரியம் நிகழ்ந்தது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்னும் நிறுவனத்தார் பழைய அச்சுக் கருவிகளைத் தேடியெடுத்து, எம். ஜி. பி.யின் முழு உடலையும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினர். எம். ஜி. பி. ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டியாதலின் உதிரி உறுப்புக்களுக்கும் குறைவில்லை. டி. ஆர். 4 செய்யப்பட்டவை ஏறக்குறைய நாற்பதினாயிரமே. எம் நண்பர் தச்சனுமல்லர், கொல்லனுமல்லர். சனிக்கிழமைகளில் திருகாணி முடுக்கக் கற்றுக்கொள்பவர். அவர்க்கு வேண்டியது, தபாலில் உறுப்பு வரவழைத்துத் தாமே பூட்டத்தக்க வண்டி. யாம் எம். ஜி. பி. என்றதன் முதற் காரணம் இதுவே.

பந்தயப் பெருமையை வைத்துத் தீர்ப்புக் கூற யாம் விரும்பவில்லை. 1961-ல் லெமான் பந்தயத்தில் டிரையம்ப் அனுப்பிய மூன்று வண்டிகளும் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடி முடித்தன. ஆயினும் அவை விற்பனைக்கு வராத தனி யந்திரமுடையவை. 1963-ல் அதே பந்தயத்தில் ஓடிய எம். ஜி. பி. தொடக்கத்திலேயே மணலிற் புதைந்தது. ஓட்டிய ஆலன் ஹட்சஸன் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைத் தோண்டியெடுத்தார். பின்னர்ப் பாடி ஹாப்கர்க்கும் அவரும் மாறிமாறி ஓட்டி, முழுப் பட்டியலில் பன்னிரண்டாவதாகவும் தம் வகுப்பில் முதலாகவும் வந்தனர். இதனை யாம் வாதத்திற்காகக் கூறவில்லை. கூறாமலிருக்க மனம் வரவில்லை.

வாங்குவோன் செய்யும் தெரிவு ஒரு வண்டியோடு முடியும். இவ்விரண்டுக்கும் இடையே வேறொருவரும் தெரிவு செய்ய நேர்ந்தது. 1968-ல் பிரிட்டிஷ் லேலண்டு என்னும் பெருங்கம்பெனி உருவானபோது, அதுவரை பகைத்து நின்ற எம். ஜி.யும் டிரையம்பும் ஒரே கூரையின் கீழ் வந்தன. இருவர்க்கும் உணவிடப் பொருள் போதவில்லை. புதிய வண்டிக்கான பொருள் முழுதும் டிரையம்பின் டி. ஆர். 7-க்குச் சென்றது, அது 1975-ல் வெளிவந்தது. எம். ஜி. பி.க்கு 1974-ல் கிடைத்தவை, அமெரிக்கச் சட்டத்துக்கென முன்னும் பின்னும் ஒட்டிய கரிய ரப்பர்த் திண்டும், ஒன்றரை அங்குலம் உயர்த்திய நிலையுமே. உயர்த்தியதால் வளைவுகளில் முன்னிருந்த உறுதி தளர்ந்தது. அவ்வாறு புறக்கணிக்கப்பட்டும் வாங்குவோர் அதனைக் கைவிடவில்லை. 1979 செப்டம்பரில் அபிங்டன் ஊரார் எம். ஜி. அங்கு வந்து ஐம்பதாண்டு நிறைந்ததைக் கொண்டாடினர். அவ்வாரவாரம் அடங்குமுன்னரே தொழிற்சாலையை மூடும் செய்தி வந்தது. 1980 அக்டோபரில் கடைசி எம். ஜி. பி. வெளியேறியது. டி. ஆர். 7-ம் மறு ஆண்டில் நின்றது.

கம்பெனியார் பக்கத்து நியாயமும் ஒன்றுண்டு. அக்காலத்தில் பவுன் நாணயத்தின் மதிப்பு உயர்ந்திருந்தமையால், அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு எம். ஜி.யிலும் நஷ்டமே வந்ததென அவர்கள் கூறினர். அது பொய்யென்று யாம் கூறவில்லை. ஆனால் பதினெட்டாண்டு உருமாறாது ஓடிய வண்டிக்குத் தக்க காலத்தில் ஒரு வாரிசைத் தந்திருந்தால் அக்கணக்கு எழுந்திராதென்றும், வேலையறிந்த தொழிலாளர் கூட்டமொன்றைக் கலைத்தது மன்னிக்கத்தக்கதன்றென்றும் யாம் கருதுகின்றோம். இவ்விஷயத்தில் டிரையம்ப் கட்சியார் எம்மோடு சினந்தனர். அவர்கள் சினத்திலும் பொருளுண்டு, டி. ஆர். 7-ஐத் தொடக்கத்திற் செய்த லிவர்ப்பூல் தொழிற்சாலையும் 1978-லேயே மூடப்பட்டது.

நண்பர்க்கு யாம் எழுதிய விடையின் எஞ்சிய பகுதி இது. 1974-க்கு முற்பட்ட எம். ஜி. பி.யையே தேடுக. 1964-ன் இறுதிக்குப் பிற்பட்டதாயின் நன்று. அதன்பின் வந்தவற்றில் சுழல்தண்டைத் தாங்கும் இடங்கள் மூன்றிலிருந்து ஐந்தாயின. ஆங்கில நாட்டில் நாற்பதாண்டு கடந்த வண்டிகட்கு ஆண்டுதோறும் நடக்கும் சோதனை பெரும்பாலும் கட்டாயமில்லை. கட்டாயமில்லாவிடினும் கட்டணம் செலுத்திச் சோதிப்பிக்கவும். அக்காலத்து வண்டிகளில் நான்கு சக்கரத்துப் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய் வழியாதலால், ஒரு குழாய் வெடித்தால் கைப்பிரேக்கே கதி. மனைவி மக்களோடு ஏறுமுன் பழைய ரப்பர்க் குழாய்களையெல்லாம் எறிந்துவிட்டுப் புதியன பூட்டுக. சாயத்தைப் பார்த்து மயங்கற்க.

சென்ற மாதம் மறுமொழி வந்தது. நண்பர் இதுவரை நான்கு வண்டிகளைப் பார்த்துள்ளார். சட்டைப் பையில் காந்தத் துண்டொன்றை வைத்துக்கொண்டு செல்வதாகவும், கதவின் கீழ்ப் பட்டியில் அது ஒட்டாதிருப்பின், பட்டியில் இரும்பில்லை, பூச்சு மசையே உள்ளதெனத் தெரிந்து, விற்பவரோடு வானிலையைப் பற்றிச் சிறிது பேசிவிட்டுத் திரும்புவதாகவும் எழுதியுள்ளார். மூன்றில் ஒட்டவில்லையாம். நான்காவதில் ஒட்டிற்றாம், ஆனால் அது டி. ஆர். 4.