வண்டிக்குக் கூரை

பொருள் வாங்குவோர் பலர், அப்பொருள் தமக்குப் பயன்படப்போகும் நாட்களை எண்ணிப் பாராமல், அதனைக் கண்டு மனம் மகிழ்ந்த ஒரு நாளையே எண்ணி வாங்கிவிடுகின்றனர். மோட்டார் வண்டி வாங்குவதில் இக்குறை மிகுதியும் காணப்படுகின்றது. நம் மாணவர் கூடிப் பேசுமிடங்களில் இந்நாளில் எழும் வாதங்களுள் ஒன்று, விரைவு வண்டிகளுக்கு மடக்குங் கூரை சிறந்ததா, கெட்டிக் கூரை சிறந்ததா, கழற்றுங் கூரை சிறந்ததா என்பது. கல்வி முடித்துப் பொருளீட்டத் தொடங்கிய பழைய மாணவர்க்கோ இது வெறும் வாதமன்று. பல லட்சம் ரூபாயையும், தம்மோடு ஏறிச் செல்வோரின் உயிரையும் பற்றிய காரியம். ஆகலின் இதுபற்றி நமக்குத் தோன்றுவனவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதற்கண் மூவகையும் இன்னவென அறிதல் வேண்டும். மடக்குங் கூரையாவது, துணியாலேனும் தகட்டாலேனும் அமைந்து, வேண்டாதபோது வண்டியின் பின்புறத்தில் மடிந்து அடங்குவது. இதனைக் கன்வர்ட்டிபிள் என்பர். கெட்டிக் கூரையாவது, வண்டியின் உடலோடு பொருந்தி அசையாது நிற்பது. கழற்றுங் கூரையாவது, தலைக்கு மேலுள்ள பலகை மட்டும் எடுபட, இருக்கைகளின் பின்னே வலிய வளைவொன்று நிலைத்து நிற்பது. போர்ஷே கம்பெனியார் 1965-இல் தம் 911 வண்டியில் இவ்வமைப்பை வெளிப்படுத்தியபோது, சிசிலித் தீவில் நடைபெற்றுவந்த டார்கா புளோரியோ என்னும் பந்தயத்தின் பெயரால் டார்கா என்றழைத்தனர். பின்னர் அப்பெயரே அவ்வினத்துக்கெல்லாம் வழங்கலாயிற்று.

வரலாற்றை நோக்குவார்க்கு ஒரு விந்தை புலப்படும். மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் திறந்த வண்டியே மலிவானது. 1908-இல் வெளிவந்த போர்டு கம்பெனியின் டி மாதிரி வண்டிகளில், துணிக்கூரையிட்டவை சாமானியர்க்கும், கண்ணாடியும் கதவும் கெட்டிக் கூரையும் கொண்டவை அதிகப் பணம் தரக்கூடியவர்க்கும் உரியனவாயிருந்தன. 1920-களில் மூடிய உடலை மலிவாகச் செய்யும் வழி கண்டவுடன், அமெரிக்க மக்கள் திறந்த வண்டியைக் கைவிட்டு மூடிய வண்டிக்குத் திரும்பினர். வெயிலிலும் மழையிலும் புழுதியிலும் நாள்தோறும் வழிச்சென்றவர்கள், தெரிந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்ததும் தெரிந்தெடுத்தது கூரையையே. இக்காலத்திலோ நிலைமை தலைகீழாயிற்று. அன்று எளியார்க்கு வாய்த்த துணிக்கூரை, இன்று செல்வர்க்கு அணியாயிற்று. இதனை மறந்து, திறந்த வண்டியே உயர்ந்ததென்று கொள்வது பொருந்தாது.

இனி, கூரையின் தொழிலை ஆராய்வோம். தீப்பெட்டியின் மேலுறையைக் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுகாது. அதன் ஒரு பக்கத்தை வெட்டி நீக்கிவிட்டு முறுக்கினால் உடனே நெளியும். இக்காலத்து விரைவு வண்டிகளிற் பெரும்பாலானவை, அடிச்சட்டம் வேறு உடல் வேறு என்றில்லாமல், ஒரே கூடாகச் செய்யப்படுவன. அவற்றுக்குக் கூரை நிழல் தருவது மட்டுமன்று. கூட்டின் வலிமையிற் பெரும்பங்கும் அதுவே. அதனை நீக்கினால் இழந்த வலிமையைத் தளத்திலும் கதவின் அடிப்பக்கத்திலும் இரும்பு சேர்த்து ஈடுசெய்தல் வேண்டும். ஆகவேதான் கூரையில்லா வண்டி, பார்வைக்கு இலேசாகத் தோன்றினும், எடையில் பெரும்பாலும் கூரையுள்ள வண்டியை மிஞ்சுகின்றது.

அடிச்சட்டம் தனியாக உள்ள வண்டிகளின் நிலை வேறு. நம் மாகாணத்திலேயே இதற்கு நல்ல சான்றுண்டு. சென்னையையடுத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் செய்துவந்த ஹெரால்டு வண்டியைப் பெரியவர்கள் அறிவர். அதன் மூலமாகிய இங்கிலாந்து ஹெரால்டு, கெட்டிக் கூரையோடும் திறந்த வடிவிலும் விற்கப்பட்டது. பாரம் தாங்கும் வேலை அடிச்சட்டத்தினதாகவும், மேலுடல் பகுதி பகுதியாக மரைகளால் முடுக்கப்பட்டதாகவும் இருந்தமையால் இது எளிதாயிற்று. நம் நாட்டில் 2020-இல் புதுவடிவில் வெளிவந்த மகிந்திரா தார் வண்டியும், விரைவு வண்டி இனத்தைச் சேராததாயினும், இம்முறையினதே. ஏணி போன்ற அடிச்சட்டத்தின்மேல் அமைந்தமையால், அது துணிக்கூரையோடும் கெட்டிக் கூரையோடும் விற்பனைக்கு வந்தது. இளைஞர் பலர் இக்கேள்வியை முதன்முதல் எதிர்கொண்டது அவ்வண்டியின் முன் நின்றபோதுதான் என்பது நம் எண்ணம்.

தகட்டுக் கூரையையே மடங்கச் செய்தால் இரண்டு பயனும் ஒருங்கே கிட்டுமே என்பார் உளர். 1930-களில் பிரான்சு தேசத்துப் பெஜோ கம்பெனியாரும், 1957-இல் போர்டு கம்பெனியாரும், 1996-இல் எஸ்.எல்.கே. வண்டியில் மெர்சிடிஸ் கம்பெனியாரும் இதனைச் செய்து காட்டினர். ஆயினும் அதன் பொறிகள் பல, பாரம் மிகுதி, மடிந்த கூரை மூட்டை முடிச்சு வைக்கும் இடத்தை விழுங்கிவிடும். பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் தம் இசட் 4 வண்டிக்கு 2002-இல் துணியும், 2009-இல் தகடும் வைத்தனர். 2018-இல் மீண்டும் துணிக்கே திரும்பினர். மெர்சிடிஸ் எஸ்.எல். வண்டியும் 2021-இல் அவ்வாறே துணிக்குத் திரும்பிற்று. செய்து பார்த்தவர்களே விட்டுவிட்டதை நாம் விரும்பி வாங்கப் புகுமுன் சற்றே சிந்தித்தல் நலம்.

இனி நம் ஊருக்கு வருவோம். திருவண்ணாமலையில் சித்திரை வைகாசி மாதங்களில் வெப்பம் நூறு டிகிரியைத் தாண்டும் நாட்கள் பல. பகலெல்லாம் காய்ந்த மலைப்பாறை மாலையிலும் அனல் வீசும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் கொட்டிய மழையை இவ்வூரார் மறவார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மார்கழி, தை, மாசிக் காலைகளே திறந்த வண்டிக்கு உரிய பொழுதுகள். பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர்க் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளம் திரள்வதால், வெளியூர் வண்டிகளை ஊர்ப்புறத்து வெளிகளில் மணிக்கணக்காக நிறுத்திச் செல்ல நேரும். துணிக்கூரையைக் கிழிக்கச் சிறு கத்தி ஒன்று போதும்; கத்தியும் வேண்டாது கிழிக்கவல்ல குரங்குகளும் இங்கே குறைவில்லை. ஆண்டில் சில வாரங்களின் இன்பத்துக்காக எஞ்சிய நாட்களின் தொல்லையை விலை கொடுத்து வாங்குவது அறிவுடைமையாகுமா?

எல்லாவற்றினும் பெரிது உயிர். வண்டி குப்புற விழுங்கால், தலைக்கும் தரைக்கும் நடுவே நிற்பது கூரை. டார்கா வளைவு பிறந்ததற்கும், திறந்த வண்டிகளுக்கு அமெரிக்காவில் தடை வரக்கூடும் என்ற அச்சமே ஒரு காரணம். திறந்த வண்டியை விரும்புவோர், அதில் கவிழ்ச்சி தாங்கும் வளைவோ குழாய்ச்சட்டமோ உண்டா என்று கேட்டறிதல் முதற்கடமை. இருக்கைப் பட்டையை ஒருபோதும் அணியாதிருத்தல் ஆகாது. பட்டை அணியாதவனை அவ்வளவு வலிய வளைவும் காப்பாற்றாது. இவ்விடத்து இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கெட்டிக் கூரையில் சாளரம் வைத்த வண்டிகளில், சிறுவரை இருக்கைமேல் ஏற்றி, அச்சாளரத்தின் வழியே தலையும் மார்பும் வெளியே தோன்ற நிற்கவிட்டு ஓட்டிச் செல்லும் வழக்கம் பரவி வருகின்றது. திடீரென வேகத்தடை அழுத்தினால் அக்குழந்தையின் கதி யாது? வானத்தைக் காட்டும் ஆசையால் பிள்ளையை வானுக்கே அனுப்பிவிடலாகாது.

இவ்வளவு சொல்லியும், திறந்த வண்டியின் இன்பத்தை நாம் இகழ்ந்தோமில்லை. செங்கம் சாலையில் விடியற்பொழுதில் மலையை நோக்கி வருவோர்க்கும், ஜவ்வாது மலையில் ஏறுவோர்க்கும், தலைக்குமேல் கூரை ஒரு தடையே. அச்சத்தாலும் அந்த ஆசை அழிவதில்லை என்பதற்கு அமெரிக்கக் கார்வெட் வண்டி சான்று. 1975-ஆம் ஆண்டு மாதிரியோடு நின்றுபோன அதன் திறந்த வடிவம் 1986-இல் மீண்டும் வந்தது. நம் ஊர்த் தேரையும் பாருங்கள். பாரம் தாங்குவது கீழே நிலையாக நிற்கும் மரவேலை. மேலே கட்டுவது கழியும் துணியும். விழாவுக்கு அலங்காரம் எழும். விழா முடிந்தபின் இறங்கும். ஆனால் தேர் ஓடுவது ஆண்டில் சில நாளே என்பதையும், எஞ்சிய நாட்களில் அது மூடிக் காக்கப்படுவதையும் நாம் மறத்தலாகாது.

ஆகவே நம் முடிபு இதுவாகும். ஒரே ஒரு வண்டி வைத்து, அதிலேயே அலுவலுக்கும் ஊர்ப் பயணத்துக்கும் பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கும் எண்ணுவோர், கெட்டிக் கூரையையே கொள்க. வானம் காணும் ஆசை தீராதவர், பின்னால் வளைவு நிலைத்துள்ள கழற்றுங் கூரையைக் கொள்க. நடுவழியில் மழை பிடித்தால் கழற்றிய பலகை வண்டிக்குள்ளேயே இருக்கின்றதா, வீட்டில் விடப்பட்டதா என்பதை மட்டும் புறப்படுமுன் பார்த்துக்கொள்க. முழுதும் மடங்கும் கூரை, வேறு வண்டியும் அதனை நிறுத்த நிழலும் உடையார்க்கே தகும். கடையில் நிற்கும் வண்டி எப்பொழுதும் நிழலில்தான் நிற்கின்றது. வாங்க எண்ணுவோர் ஒரு வைகாசி நண்பகலில் அதனைத் தெருவிலே கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி, கால்மணி நேரம் அதனுள் அமர்ந்து பார்த்துப் பின் பணத்தை எண்ணுவாராக.