மூன்று மாடி இறங்க இத்தனை ஏற்பாடா?

மாமியாருக்கு நிமோனியா. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தார். மூன்றாம் மாடியிலிருந்து கீழே சி.டி. ஸ்கேனுக்குக் கொண்டுபோக வேண்டும். கூப்பிட்டு அரை மணியாகியும் கட்டில் நகரவில்லை. எனக்கு வந்ததே கோபம்! "என்ன சிஸ்டர், லிஃப்டுல ரெண்டு நிமிஷம். இதுக்கு இவ்வளவு நேரமா?" என்று சத்தம் போட்டுவிட்டேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. சிலிண்டர் முள்ளைக் காட்டினார். சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது. "இதை நம்பிக் கிளம்பி, வழியில லிஃப்டு நின்னுட்டா என்னம்மா பண்றது?" என்றார்.

கட்டிலில் இருக்கும்வரை ஆக்ஸிஜன் சுவரிலுள்ள குழாயிலிருந்து வருகிறது. கட்டிலை நகர்த்தினால் எல்லாம் சிலிண்டரையும் பாட்டரியையும் நம்பித்தான். நிமிஷத்துக்கு 10 லிட்டர் போகிறவருக்கு 600 லிட்டர் மிச்சமிருந்தால் ஒரு மணி நேரம் வரும். போகிற நேரம், அங்கே காத்திருக்கும் நேரம், திரும்புகிற நேரம் எல்லாவற்றையும் கூட்டி, அதைப்போல இரண்டு மடங்குக்கு இருக்க வேண்டும் என்பது சிஸ்டர் கணக்கு. விருந்தாளி வருகிற அன்று காஸ் தீர்ந்துபோவது நமக்குத் தெரியாததா!

வேறு சிலிண்டர் வந்தது. அதில் மாற்றியதும் கிளம்பிவிடவில்லை. மானிட்டரைப் பார்த்தபடி ஐந்து நிமிஷம் நின்றார். மாற்றுகிற இடத்தில்தான் தகராறு வருமாம். டாக்டர் ஒருவரும் கூட வந்தார்.

உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் சிறுநீர்ப் பையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். சட்டென்று கீழே தொங்கவிட்டார். பை உடம்பைவிட உயரத்தில் இருந்தால் சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும், கிருமியும் கூடவே போகும். மார்பில் குழாய் போட்டவர்களுக்கும் அப்படித்தான். அந்தப் பாட்டில் மார்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும். நம்மால் ஆகிற உதவி லிஃப்டைப் பிடித்து வைப்பதும் வழி விலக்கிவிடுவதும்தான். குழாய்களைத் தொடாமலிருந்தால் போதும்.

எம்.ஆர்.ஐ. என்றால் இன்னும் ஜாக்கிரதை. அது பெரிய காந்தம். படம் எடுக்காத நேரத்திலும் அதன் இழுப்பு இருந்துகொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை ஆஸ்பத்திரி ஒன்றில், நோயாளியின் உறவினர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போனார். சிலிண்டரோடு அவரையும் காந்தம் இழுத்துவிட்டது, உயிர் போய்விட்டது. உள்ளே கொண்டுபோக இரும்பில்லாத தனிச் சிலிண்டர் உண்டு. யார் தூக்கச் சொன்னாலும், "இது உள்ளே போகலாமா?" என்று அங்குள்ள டெக்னீஷியனைக் கேட்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். நம் தாலிக்கொடியில் கோத்த ஊக்கும் கொண்டை ஊசியும்கூட வெளியேதான்!

திரும்பி வந்ததும் சிஸ்டர் ஒவ்வொரு குழாயையும் பாட்டிலிலிருந்து கைவரை தடவிப் பார்த்தார். பிறகு வராந்தாவில் ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு டம்ளர் காபி நீட்டினேன். வாங்கிக் கீழே வைத்தார். குடிப்பதற்குள் அடுத்த கட்டிலுக்கு ஸ்கேன் கூப்பிட்டுவிட்டார்கள்.