லென்ஸுக்கும் ஒரு குடை வேண்டும்

வெயிலில் தூரத்தில் வருபவர் யாரென்று பார்க்கும் முதியவர் புருவத்தின்மேல் கையை வைத்துக்கொள்கிறார். கண்ணுக்கு நாம் செய்யும் இந்த உதவியைக் கேமராவுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்? லென்ஸின் முகப்பில் மாட்டும் ஹூட் செய்வதும் அதே வேலைதான். புகைப்படம் எடுப்போர் அதை எப்போதும் மாட்டியிருக்க வேண்டும்; கழற்றுவதற்குத்தான் காரணம் வேண்டும் என்பது என் கருத்து.

படத்தின் எல்லைக்கு வெளியிலிருந்து பக்கவாட்டில் வரும் ஒளி லென்ஸுக்குள் புகுந்தால், கண்ணாடிப் பரப்புகளில் மாறி மாறித் தெறித்துப் படமெங்கும் வெண்திரைபோலப் படிகிறது. கறுப்பு சாம்பலாகிறது, வண்ணம் வெளிறுகிறது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். இக்குறையைப் போக்க, 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாந்தர் ஸ்மக்குலா என்னும் அறிஞர் லென்ஸுக்கு மெல்லிய பூச்சிடும் முறையை உருவாக்கினார்.

"பூச்சு வந்தபின் ஹூட் எதற்கு?" என்று கேட்பார் உண்டு. பூச்சு தெறிப்பைக் குறைக்கும், முற்றாக நீக்காது. லென்ஸின்மேல் படிந்த தூசியும் விரல்ரேகையும் சிதறடிக்கும் ஒளியைப் பூச்சு என்ன செய்யும்? வேண்டாத ஒளியை வாசலிலேயே தடுப்பது ஹூட். கைதவறி இடித்துக்கொண்டால் முதல் அடியைத் தாங்குவதும் அதுவே.

"கணிப்பொறியில் சரிசெய்து கொள்ளலாமே!" என்பர் வேறு சிலர். கறுப்பை மீண்டும் கறுப்பாக்கலாம். ஆனால் வெண்திரையில் மூழ்கிய மெல்லிய சாயல்களை முழுமையாக மீட்க இயலாது. அத்திரை அதிகம் கெடுப்பது படத்தின் இருண்ட பகுதிகளைத்தான். கரிய முகத்தின் அழகும் சுருக்கமும் கண்ணின் ஒளியும் அங்கேதானே இருக்கின்றன? நம்மில் பலர் கறுப்பு, மாநிறம். இறுதியாண்டு மாணவர்களின் குழுப்படம் ஒருமுறைதான் எடுக்கப்படும். அதில் ஒருவர் முகம் சாம்பல் பூத்துப் போனால் அந்த இழப்பை யார் ஈடுசெய்வது?

விலக்குகளும் உண்டு. கேமராவிலேயே உள்ள பிளாஷைப் போடும்போது ஹூடின் நிழல் படத்தில் விழலாம். அகன்ற கோண லென்ஸுக்கு நீண்ட ஹூடை மாட்டினால் படத்தின் மூலைகள் இருண்டுவிடும். சூரியனே படத்துக்குள் இருந்தால் ஹூட் உதவாது. 1969இல் வெளிவந்த 'ஈஸி ரைடர்' படத்தில் ஒளிப்பதிவாளர் லாஸ்லோ கோவாக்ஸ் செய்ததுபோல், ஒளிச்சிதறலையே அழகாக்க விரும்புவோர் ஹூடைக் கழற்றட்டும். தெரிந்து செய்வது கலை. தெரியாமல் நேர்வது பிழை.

சிலர் ஹூடைத் தலைகீழாக மாட்டியபடியே படம் எடுக்கின்றனர். குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நடப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மாணவ நண்பர்களே! நம்மில் பலரிடம் இருப்பது கைபேசிதான். அதற்கும் வழி உண்டு. முதலில் லென்ஸைத் துடையுங்கள். பின்னர் இடக்கையை உயர்த்தி, படத்துக்குள் விரல் தெரியாதபடி, லென்ஸின்மேல் நிழல் விழச் செய்யுங்கள். செலவில்லாத ஹூட் அது!