மேனேஜர் எடுக்கும் படம்

பீட்டில்ஸ் நால்வரைப் பற்றி ஆளுக்கொன்றாக நான்கு படங்களை எடுக்கிறார் சாம் மெண்டிஸ். 2028 ஏப்ரலில் வெளியீடு என்று அறிவித்தாயிற்று. பாடல்களோடு வாழ்க்கைக் கதையின் முழு உரிமையையும் குழுவின் ஆப்பிள் கோர் நிறுவனமே கொடுத்திருக்கிறது என்பதைப் பெரிய பெருமையாகப் பேசுகிறார்கள். கவலைப்பட வேண்டியதே அதற்குத்தான்.

உரிமை வைத்திருப்பவர்களே படத்தையும் நடத்தும் இந்தப் பாதைக்குப் பெரிய உதாரணம் குயின் குழுவின் மேனேஜர் ஜிம் பீச். 1975இல் ட்ரைடென்ட் நிறுவனத்தின் ஒப்பந்தப் பிடியிலிருந்து குழுவை வெளியே கொண்டுவர உதவிய வழக்கறிஞர். 1978இல் மேனேஜரானார். 2018இல் குயினின் கதையைச் சொன்ன 'பொஹீமியன் ராப்சடி' படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர். வசூல் 90 கோடி டாலரைத் தாண்டியது. 4 ஆஸ்கர் விருதுகள் வேறு.

அந்தப் படத்தில் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி தனி ஆல்பத்துக்காகக் குழுவையே உடைத்துக்கொண்டு போகிறார். உண்மையில் ட்ரம்மர் ரோஜர் டெய்லரின் தனி ஆல்பம் 1981லேயே வந்துவிட்டது. குழு உடையவுமில்லை: 1984இல் 'தி வொர்க்ஸ்' ஆல்பம், 1985 மே வரை அதற்கான சுற்றுப்பயணம், ஜூலை 13 அன்று லைவ் எய்ட் மேடை. தனக்கு எய்ட்ஸ் என்று மெர்குரி சகாக்களிடம் சொல்வதும் அந்த மேடைக்கு முன்பே நடப்பதாகப் படம் காட்டுகிறது. நோய் உறுதியானது 1987இல் என்று அவருடைய துணைவர் ஜிம் ஹட்டன் எழுதியிருக்கிறார். உயிரோடிருப்பவர்கள் பொறுமைசாலிகள், இறந்துபோனவர் மட்டும் தடம் மாறியவர்! லைவ் எய்ட் காட்சியில் டாம் ஹாலண்டர் நடித்த ஜிம் பீச், யாரும் கவனிக்காத நேரத்தில் ஒலி அளவை ஏற்றிவிட்டு நிகழ்ச்சியையே தூக்கி நிறுத்துகிறார். தயாரிப்பாளருக்குத் திரையிலும் ஒரு வீரச்செயல்.

சினிமாவுக்கு நாடகம் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. செத்தவர் வாயில் பொய்யைத் திணிப்பதற்குச் சொல்லும் சாக்கு அது.

மேனேஜர்கள் படமே எடுக்கக் கூடாதா? தாராளமாக எடுக்கலாம், ராபர்ட் ஸ்டிக்வுட் எடுத்ததுபோல. க்ரீம், பீ ஜீஸ் குழுக்களின் மேனேஜர் அவர். 1976இல் 'நியூயார்க்' இதழில் வந்த ஒரு கட்டுரையின் உரிமையை வாங்கி 'சாட்டர்டே நைட் ஃபீவர்' எடுத்தார். பிரான்சில் ஒலிப்பதிவில் இருந்த பீ ஜீஸைக் கூப்பிட்டுப் பாட்டு கேட்டார். படம் வந்தது 1977 டிசம்பரில். அதற்கு முன்பே பாட்டு வானொலியில் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 24 வாரம் முதலிடம்! தொடர்ச்சியாக, ஏறக்குறைய அரை ஆண்டு. அந்த வெற்றிக்கு பீ ஜீஸ் திரையில் ஒரு நொடிகூடத் தோன்ற வேண்டியிருக்கவில்லை. கதை புரூக்ளினில் பெயின்ட் கடையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞனுடையது. அதே ஸ்டிக்வுட் 1978இல் பீ ஜீஸையே நாயகர்களாக்கி 'சார்ஜென்ட் பெப்பர்' எடுத்தார். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். தன் குழுவைத் தானே திரையில் ஏற்றும் மேனேஜருக்கு நல்ல படம் எடுக்க வராது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

உரிமை வைத்திருப்பவர்கள் பாட்டுக்கு உரிய பணத்தை வாங்கிக்கொள்ளட்டும். திரைக்கதை விவாதத்திலும் எடிட்டிங் அறையிலும் அவர்களுக்கு நாற்காலி போடக் கூடாது. மெண்டிஸின் நான்கு படங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம். இன்னும் அவகாசம் இருக்கிறது.