இன்னொருவர் கைபிடித்துச் செல்லும் காலம்

இறந்த விசுவாசிகளை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் நாளில் மஹய்யாவ பொது மயானத்திற்கு வருகின்ற குடும்பங்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். மெழுகுதிரிப் பெட்டியைப் பறித்துக்கொண்டு முன்னே ஓடுகின்ற சிறுவன், கையடக்கத் தொலைபேசியை விட்டுக் கண்ணெடுக்காத வாலிபன், பூக்களையும் தண்ணீர்ப் போத்தலையும் சுமந்து வருகின்ற தாய், ஏற்றத்தில் நின்று நின்று மூச்சு வாங்குகின்ற பாட்டனார் என்று மனித வாழ்வின் எல்லாப் பருவங்களும் ஒரே கல்லறையின் முன்னால் வந்து நிற்கின்றன. ஆனால், அவரவர் நிற்கின்ற பருவத்தில் அவரவர் மனமுவந்து நிற்கின்றார்களா? சிறுவன் பெரியவனாகத் துடிக்கின்றான். வாலிபனுக்குத் தான் யாரென்று இன்னும் தெரியவில்லை. தாய் பிள்ளைகளின் வயதைத்தான் எண்ணுகின்றாள், தன் வயதை எண்ணுவதில்லை. பாட்டனாரோ கைத்தடியை வாங்க மறுத்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கின்றார்.

அன்பார்ந்த இறைமக்களே, நரையும் திரையும் தாமாகவே வந்து சேர்கின்றன. அவற்றை ஏற்க எவருடைய அனுமதியும் தேவையில்லை. கடினமானது வேறொன்று. ஒரு பருவம் முடியும்போது அந்தப் பருவம் நமக்குத் தந்திருந்த இடத்தையும் அதிகாரத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கின்றது. ஊர் விழிக்கும் முன்னரே எழுந்து, நகரின் வீதிகளைக் கூட்டிப் பெருக்கி, அந்தச் சம்பளத்தில் குடும்பத்தை நிமிர்த்திய மாநகர சபைத் தொழிலாளி ஒருவர் இளைப்பாறுகின்றார். கைக்கு வந்த பணம் மகளின் திருமணத்தோடு முடிந்துவிடுகின்றது. நேற்றுவரை அவருடைய சொல்லுக்குக் காத்திருந்த வீட்டில், இன்று வெற்றிலைக்கும் தேநீருக்கும் மகனிடம் கேட்க வேண்டியிருக்கின்றது. அவர் வாய் திறந்தால் சண்டையாக முடிவது முதுமையின் குணம் என்று இலகுவாகச் சொல்லிவிடுகின்றோம். ஆனால், அவர் இழந்ததை நம்மில் எவரும் அவரோடு அமர்ந்து பேசியதில்லை.

யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலோரத்தில் பேதுருவிடம் மூன்று முறை அன்பைப் பற்றிக் கேட்டு, மந்தையை அவரிடம் ஒப்படைக்கின்றார். அதே மூச்சில் வேறொன்றையும் சொல்கின்றார். இளமையில் விரும்பிய இடத்திற்கெல்லாம் நீயே போனாய், முதுமையிலோ கையை நீட்டுவாய், வேறொருவர் உன்னை நீ விரும்பாத இடத்திற்குக் கொண்டுபோவார் என்பது அதன் பொருள். திருச்சபையின் மரபு இதைப் பேதுருவின் மறைசாட்சிய மரணத்திற்கு முன்னறிவிப்பாகக் கொள்கின்றது, அது சரியே. ஆயினும், மறைசாட்சியாக அல்லாமல் வெறுமனே முதியவராகின்ற ஒவ்வொருவருக்கும் அது அப்படியே பொருந்துகின்றது. மந்தையை ஒப்படைத்த அதே வேளையில் மந்தையை விட்டுச் செல்லும் நாளையும் ஆண்டவர் நினைவூட்டினார் என்பது மேய்ப்புப் பணியில் உள்ள எம் போன்றோரை அடிக்கடி சிந்திக்க வைக்கும்.

இதற்கு உயிருள்ள உதாரணம் தேடி நாம் தொலைவிற்குச் செல்லத் தேவையில்லை. இந்தக் கண்டி மண்ணிலேயே உயிர்நீத்த புனித யோசேப் வாஸ் அடிகளாரை நாம் பெரும்பாலும் வெயிலிலும் மழையிலும் காடுகளினூடே நடந்துதிரிந்த மறைபரப்பாளராக மட்டுமே நினைக்கின்றோம். அவருடைய வயதுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1651இல் கோவாவில் பிறந்தவர், 1676இல் குருவானார். கோவாவின் ஒரத்தோரியன் சபைக்குத் தலைவராயிருந்தவர், அப்பதவியைத் துறந்து 1687இல், 36ஆவது வயதில், கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தார். சில்லாலை மக்கள் அவரைப் பாதுகாத்தார்கள். 1692இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். நாற்பதைத் தாண்டிய வயது அது. ஒரு மனிதன் தன் உழைப்பின் பலனைக் காண விரும்பும் வயது. அவரோ சிறையில் அமர்ந்து சிங்களம் கற்றார். 1697இல் கண்டியைப் பெரியம்மை தாக்கியபோது, உறவினரே கைவிட்டோடிய நோயாளரைத் தம் கைகளால் பராமரித்தார்.

உதவிக்கு வேறு குருக்கள் வரும்வரை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இந்தத் தீவின் கத்தோலிக்கர்களை அவர் தனியாகவே சுமந்தார். எல்லாவற்றையும் தனியாகச் செய்து பழகியவருக்கு, பிறர் வந்து சேர்கின்ற நாள் மகிழ்ச்சியான நாள்தானா? தகப்பன்மாரே, மாமியார்மாரே, உங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். 1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்தார். வாஸ் அடிகளார் குருத்துவம் பெற்ற அதே 1676இல் பிறந்தவர் அவர். மொழிப் புலமையில் தனித் திறமை வாய்ந்தவர். சிங்களத்திலும் தமிழிலும் கிறிஸ்தவ இலக்கியத்தை வளர்க்கும் பணி அவருடையதாயிற்று. மூத்தவர் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆயர் நிலைக்கு உயர்த்தும் எண்ணம் எழுந்தபோதும் அதனை ஏற்காமல் எளிய மறைபரப்பாளராகவே இருந்தார். 1710இல் உடல் நலிந்த நிலையிலும் ஒரு பயணம் சென்று திரும்பியவர், நோயினால் தளர்ந்து, 1711 ஜனவரி 16ஆம் நாள் 59ஆவது வயதில் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். நடந்த கால்களை நாம் கொண்டாடுகின்றோம். நடக்க முடியாமற்போன மாதங்களும் அந்தப் புனிதத்தைச் சேர்ந்தவையே.

நம் காலத்திற்கு நெருங்கியவர் ஒருவரையும் குறிப்பிட வேண்டும். 1959 முதல் கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, 1972இல் கண்டியிலிருந்து பிரிக்கப்பட்ட சிறிய, வசதி குறைந்த பதுளை மறைமாவட்டத்திற்கு முதல் ஆயராகச் சென்றார். வயது ஏற ஏறப் பெரிய நாற்காலி வேண்டும் என்பதே உலக வழக்கு. அவர் மறுபக்கம் நடந்தார். 2013 பெப்ரவரியில், 85ஆவது வயதில், தம் பலம் பணிக்குப் போதாது என்று அறிவித்து விலகிய திருத்தந்தை 16ஆம் ஆசீர்வாதப்பரை உலகம் வியந்து பார்த்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பருவத்தை ஏற்பது வேறு, அநீதியை ஏற்பது வேறு. மலையக மக்களில் பல்லாயிரம் பேர் 1948இன் சட்டத்தினால் நாடற்றவராகி, 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையில் எண்ணிக்கைகளாகப் பங்கிடப்பட்டு, 2003இன் சட்டம் வரும்வரை குடியுரிமைக்காகக் காத்திருந்தார்கள். வரிசையில் நின்றே இளமையைக் கழித்த அவர்களிடம், எல்லாம் கடவுள் சித்தம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அதுபோலவே, தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்கிற்குச் செல்ல, அறுபது வயதுப் பாட்டி மீண்டும் சோறூட்டித் தலைவாரி அனுப்புகின்றாள். சாதாரணதரப் பரீட்சை எழுத வேண்டிய பேத்தி தம்பிமாருக்குத் தாயாகின்றாள். ஒருத்திக்கு முதுமை மறுக்கப்படுகின்றது. மற்றவளுக்குச் சிறுபராயம் மறுக்கப்படுகின்றது. இதனைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நாம் வீடு திரும்பலாகாது. அந்தப் பெண்பிள்ளை பாடசாலையில் நிலைத்திருக்கப் பங்குச் சபை என்ன செய்யும் என்று கேட்டாக வேண்டும்.

இளைஞருக்கும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் அறிஞர்களை வியப்பில் ஆழ்த்திய இயேசு, அங்கேயே தங்கிவிடவில்லை. நாசரேத்திற்குத் திரும்பிப் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்கின்றார் லூக்கா. திறமை இருந்தும் காத்திருப்பது வளர்ச்சியின் ஒரு பகுதி. பெற்றோரும் தம் பங்கிற்கு, முப்பது வயதுப் பிள்ளையைப் பன்னிரண்டு வயதாகவே வைத்திருக்க முயலலாகாது.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கைவிடப்பட்ட பெற்றோர் தம் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி முறையிட ஒரு சபை உண்டு. நான்காம் கட்டளையைப் படித்து வளர்ந்தவர்களின் தாய் அந்தப் படியில் ஏறி நிற்க நேர்ந்தால், அது நம் மறைக்கல்விக்கு இழுக்கு. திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் தொடக்கி வைத்த தாத்தா பாட்டிகள், முதியோருக்கான உலக நாள் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று வருகின்றது. அன்று பூங்கொத்துக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், வீட்டில் மாலைச் செபத்தை யார் தொடங்குவது, மாதச் செலவில் எவ்வளவு பணம் தாத்தாவின் சொந்தக் கையில் இருக்க வேண்டும், வைத்தியசாலைக்கு அவரை யார் அழைத்துச் செல்வது என்பதைக் குடும்பமாக அமர்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சில் அவரும் அமர்ந்திருக்கட்டும்.