டயோடு எல்லாம் ஒண்ணுதானா?

டி.வி., செட்டாப் பாக்ஸ் பழுது பார்க்கும் கடைகளில் ஒரு வேதவாக்கு: "டயோடு எல்லாம் ஒண்ணுதான் சார்." வடலூரிலும் இதே பாட்டுதான். பச்சைப் பொய்!

வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதற்குச் சாதாரண 4007 போதும். நிதானமாகக் கதவைச் சாத்தினாலும் குற்றமில்லை. பவர் சப்ளைக்குள்ளோ அது நொடிக்கு 50,000 தடவை, லட்சம் தடவை வெட்டப்படுகிறது. அங்கே 4007 மூடுவதற்குள் மின்சாரம் பின்னோக்கிப் பாயும். டயோடு கொதிக்கும்; கூடவே டிரான்சிஸ்டரும் போகும். அந்த இடத்துக்கு யு.எஃப். 4007 இருக்கிறது: அதே 1,000 வோல்ட், அதே 1 ஆம்பியர், ஆனால் 75 நானோ நொடிக்குள் மூடிவிடும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். மேலே உள்ள பொடி எழுத்தைப் படிக்கத்தான் சோம்பல்.

(பிரெஞ்சில் இதை 'ரெத்ரெஸ்ஸர்' என்று படித்தோம், நிமிர்த்துபவன்!)

வேகமானதையே எங்கும் போடலாமே என்பார்கள். அதுவும் தவறு. 1 ஆம்பியர் ஓடும்போது சாதாரணம் 1.1 வோல்ட் வரை விழுங்கும், இது 1.7 வரை. வீண் சூடு.

இரண்டு மாதத்தில் மறுபடி புகைந்தால், "வோல்டேஜ் சரியில்லை" என்று பழியைத் தூக்கி மின்வாரியத்தின் தலையில் போடுவார்கள். கழற்றிய டயோடைக் கேட்டு வாங்குங்கள். புதியதன் எண்ணை பில்லில் எழுதச் சொல்லுங்கள்.