வயது வெறும் எண் அல்ல

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் மும்பை மாரத்தான் முடிந்த மறுநாள், பதக்கம் அணிந்த மூத்த ஓட்டக்காரர்களின் படங்கள் நம் பக்கங்களை நிறைக்கின்றன. அவற்றின் கீழே இரண்டு குரல்கள் தவறாமல் எழுகின்றன. ஒன்று, "வயது வெறும் எண்தான்" என்று கொண்டாடுகிறது. மற்றொன்று, "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, முட்டி என்னத்துக்கு ஆகும்?" என்று கடிந்துகொள்கிறது. இரண்டும் பிழையானவை என்பது என் கருத்து. அவற்றுள்ளும் முதற்குரலே கூடுதல் தீங்கு விளைவிப்பது. கடிந்துரைக்கு அஞ்சியவர் நடைப்பயிற்சியோடு நின்றுவிடுவார். கொண்டாட்டத்தை நம்பியவரோ, முப்பது வயதினருக்கு எழுதப்பட்ட பதினாறு வாரப் பயிற்சி அட்டவணையைத் தரவிறக்கிக்கொண்டு, குதிகால் வலியோடு பாதியில் நின்றுபோவார்.

உடலியங்கியல் ஆய்வுகளைத் தொடர்ந்து வாசிப்பவன் என்ற முறையில் சில அடிப்படைகளை முன்வைக்கிறேன். உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு, முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது. ஐம்பதுக்குப் பின் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு தசையும் கரைகிறது. தசையின் வலிமை அதனினும் விரைவாகக் குறைகிறது. தசையையும் எலும்பையும் பிணைக்கும் தசைநாண்கள் இறுகுகின்றன. காயமுற்றால் ஆறக் கூடுதல் நாள் எடுத்துக்கொள்கின்றன. இவற்றையெல்லாம் 'வெறும் எண்' என்று ஒதுக்க இயலாது. அதேவேளை, இவை கைகட்டிக்கொண்டு ஏற்க வேண்டிய தீர்ப்புகளும் அல்ல. தொடர்ந்து ஊக்கமாகப் பயிற்சி செய்வோரிடம் ஆக்சிஜன் திறனின் வீழ்ச்சி ஏறத்தாழப் பாதியாக மட்டுப்படலாம் எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வலுப்பயிற்சியால் எழுபதிலும் தசை வளரும்.

முட்டி பற்றிய அச்சத்துக்கும் விடை உண்டு. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு பொழுதுபோக்காக ஓடுவோரில் 3.5 விழுக்காட்டினருக்கும், ஓடாமல் உட்கார்ந்த வாழ்க்கை வாழ்வோரில் 10.2 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டது. போட்டி நிலை ஓட்டக்காரர்களிடம் அது 13.3 விழுக்காடாக உயர்ந்தது. உடல்நலம் உள்ளவர்களே ஓட வருகிறார்கள் என்பதால் இவ்வெண்களை அப்படியே ஓட்டத்தின் பயன் எனக் கொள்ளக் கூடாது. எனினும் அளவான ஓட்டம் மூட்டுக்குப் பகை என்னும் கூற்றுக்கு இங்கே ஆதாரம் இல்லை.

ஆகவே, வயதைப் பயிற்சியின் முதல் தரவாகக் கொள்ள வேண்டும் என்பதே என் வாதம். அப்படிக் கொண்டால் அட்டவணையே மாறிவிடும். இளைஞருக்கு வாரத்தில் மூன்று கடின நாட்கள் பொருந்தலாம். அறுபதைக் கடந்தவருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஏழு நாள் வாரம் நாட்காட்டியின் வசதிக்காக ஏற்பட்டது. தசைக்கு அதைப் பற்றிய கவலை இல்லை. நெடுந்தொலைவு ஓட்டத்தைப் பத்து நாளுக்கு ஒரு முறை வைத்துக்கொண்டால் குறைந்துபோவது ஒன்றுமில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்பதைவிட, மறுநாள் காலை மாடிப்படி இறங்குகையில் கால் என்ன சொல்கிறது என்பதே நம்பத்தக்க அளவுகோல்.

கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு வரம்புகளையும் ஐயத்தோடு அணுக வேண்டும். 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய சூத்திரம் அறுபது வயதினருக்கு 160 என்கிறது. 2001இல் முன்மொழியப்பட்ட மாற்றுச் சூத்திரம் 166 என்கிறது. இரண்டும் சராசரிகளே, தனி மனிதரிடம் பத்துத் துடிப்பு முன்பின் இருப்பது இயல்பு. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்னும் பழைய சோதனையே பெரும்பாலான நாட்களுக்குப் போதும். கனடாவின் எட் விட்லாக் 2004இல், தம் 73ஆம் வயதில், மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 வினாடியில் ஓடி முடித்தார். அவருடைய பயிற்சியின் பெரும்பகுதி, வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தை மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓடியதே. அவரைப் போல நாளுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஓடுவது நம்மில் பெரும்பாலோருக்கு ஆகாது; மெதுவாக ஓடுவது ஆகும்.

இனி, நம் நாட்டுக்கே உரிய செய்திகள். முதலாவது, இதயம். 2007இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், முதல் மாரடைப்பு நேரும் வயதின் சராசரி தெற்காசியருக்கு 53 ஆகவும் பிற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 ஆகவும் இருந்தது. நாற்பத்தைந்தைக் கடந்து ஓடத் தொடங்குவோர் காலணி வாங்கும் முன் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு, குடும்ப வரலாற்றை மருத்துவரிடம் சொல்லி, அவர் பரிந்துரைத்தால் டிரெட்மில் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. பரிசோதனையில் தேறியது வாழ்நாள் சான்றிதழ் ஆகாது. ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ, தலைசுற்றலோ வந்தால் அக்கணமே நின்றுவிட வேண்டும்.

இரண்டாவது, உணவு. மூத்தவர்களுக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஒரு கிராமோ சற்று மேலோ புரதம் வேண்டும் என்பது முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர் பலரின் பரிந்துரை. இட்லியோ போஹாவோ பராத்தாவோ, நம் காலைச் சிற்றுண்டி பெரும்பாலும் மாவுச்சத்தாகவே இருக்கிறது. பருப்பு, தயிர், பனீர், முட்டை ஆகியவற்றுள் ஒன்று தட்டில் ஏறாமல் ஓட்டத்தின் தொலைவு மட்டும் ஏறினால், உடல் தன் தசையையே செலவழிக்கும். ஓட்டமில்லா நாட்களில் வாரம் இருமுறை, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதும் குதிகாலை உயர்த்தி இறக்குவதுமான வலுப்பயிற்சி இன்றியமையாதது.

மூன்றாவது, தண்ணீர். நம் வெயிலுக்கு அஞ்சி, தாகம் இல்லாதபோதும் குடித்துக்கொண்டே ஓடுவோர் உண்டு. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஆய்வுக்கு உட்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. அளவுக்கு மிஞ்சிக் குடித்ததே அதன் முதன்மைக் காரணம். தாகத்துக்குக் குடிப்பதே முறை.

இவ்வளவும் தனி மனிதர் செய்துகொள்ளக்கூடியவை. செய்துகொள்ள இயலாத ஒன்று எஞ்சி நிற்கிறது: ஓடுவதற்கு இடம். பஞ்சாபின் பியாஸ் பிண்ட் கிராமத்தில் பிறந்த ஃபௌஜா சிங், 2000ஆம் ஆண்டில் தம் 89ஆம் வயதில் லண்டனில் முதல் மாரத்தானை ஓடினார். 2011இல் டொரான்டோவில், நூறு வயதினராக, 8 மணி 11 நிமிடத்தில் மற்றொன்றை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் கின்னஸ் அதை ஏற்கவில்லை; உலகம் ஏற்றுக்கொண்டது. 42.195 கிலோமீட்டர் தொலைவோ முதுமையோ அவரைக் கொல்லவில்லை. 2025 ஜூலை 14 அன்று, தம் சொந்த ஊரில் சாலையைக் கடக்கையில் வாகனம் மோதி இறந்தார். அவருக்கு அஞ்சலி எழுதிய நாம், அந்தச் சாலையைப் பற்றி எவ்வளவு எழுதினோம்?

நடைபாதை இல்லாத நகரில் மூத்தவர் வண்டிகளோடு இடம் பங்கிட்டு ஓடுகிறார். தில்லியின் குளிர்காலத்தில் காற்றின் நுண்துகள் அளவு, நாள் ஒன்றுக்கு 60 மைக்ரோகிராம் என்னும் நம் தேசிய வரம்பையே பன்முறை தாண்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15 மட்டுமே. பெண்களுக்கு இடையூறு இரட்டிப்பு. ஓடத் தகுந்த குளிர்ந்த வேளை, சமையலறை அவர்களைக் கேட்கும் வேளையாகவும் தெருவிளக்கு எரியாத வேளையாகவும் இருக்கிறது. பந்தய நாளில் சில மணி நேரம் சாலையை மூடித் தருவதற்கு நகராட்சிகளால் முடிகிறது. எஞ்சிய 364 நாட்களுக்கு ஒரு பூங்காவை விடியலில் திறந்து, விளக்கேற்றி, பாதையைச் செப்பனிட்டு வைப்பது அதனினும் கடினமன்று.

எனவே, ஓட விரும்பும் மூத்தவர்களுக்கு என் வேண்டுகோள் இது: முதல் ஆண்டை 10 கிலோமீட்டருக்கு ஒதுக்குங்கள், இரண்டாம் ஆண்டில் அரை மாரத்தான், முழு மாரத்தானை அதன்பின் எண்ணிப் பாருங்கள், எண்ணாமலும் விடலாம். அவர்களின் பிள்ளைகளுக்கும் ஒன்று: படத்தைப் பகிர்ந்து வியப்பதோடு நில்லாமல், வாரம் ஒரு நாள் அவர்களுடைய வேகத்தில் உடன் ஓடுங்கள். காலைச் சமையலை அன்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வார்டு உறுப்பினரிடம் நடைபாதையைக் கேளுங்கள்.